நொதி எங்கே நின்றுவிட்டது?

கேள்வி: ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையின் பீட்டா-குளூக்கோசிடேஸ் (சர்க்கரைப் பிணைப்பை வெட்டும் நொதி) மரபணுவை ஈஸ்ட்டில் சேர்த்திருக்கிறேன். செல்லை உடைத்துப் பார்த்தால் நொதி நன்றாக வேலை செய்கிறது. செல்லை நீக்கிய வளர்ப்பு நீரில் மட்டும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இன்னும் வலுவான புரோமோட்டர் (மரபணுவை இயக்கிவிடும் டி.என்.ஏ. பகுதி) போடலாமா?
– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தேன். செல்கள் மந்தமாக வளர்ந்தன. வெளியே வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச நொதியும் குறைந்தது. செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையில் புரதம் சரியாக மடிந்த பிறகுதான், வெளியே போகும் வழியில் அடுத்த நிலையமான கோல்கைக்குப் போக முடியும். மடிவதைவிட வேகமாக வந்து குவிந்தால், தப்பாக மடிந்ததையெல்லாம் செல் அந்த வலையிலிருந்து வெளியே இழுத்து, தனக்குள்ளேயே சிதைத்துவிடும்.

உங்கள் நொதி வேலை செய்கிறது என்றால் மரபணுவில் பிழை இல்லை. அது எங்கே நிற்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். செல்லுக்கு உள்ளேதான் இருக்கிறது என்று நீங்கள் முடிவு கட்டியது போலத் தெரிகிறது. சவ்வைத் தாண்டி, செல்சுவரில் சிக்கியும் இருக்கலாம். ஈஸ்ட்டின் சொந்த நொதியான இன்வர்டேஸே பெரும்பாலும் அங்கேதான் தங்குகிறது. பூஞ்சை நொதியின் மேல் ஈஸ்ட் மேனோஸ் சர்க்கரையை அடுக்கடுக்காக ஏற்றிவிடுவதால், பெரிய நொதிகள் சுவரைத் தாண்டத் திணறும்.

சோதனை எளிது. செல்களை உடைக்காமல், இரண்டு முறை கழுவி, நொதி வெட்டினால் நிறம் தரும் பாரா-நைட்ரோஃபீனைல் குளூக்கோசைடு கரைசலில் விடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து சோடியம் கார்பனேட் சேர்த்தால், நொதி வெட்டியிருக்கும் இடத்தில் மஞ்சள் நிறம் தெரியும். முழுச் செல்லிலேயே மஞ்சள் வந்தால் நொதி சவ்வைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். மரபணு இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையம்) கொண்ட ஈஸ்ட்டையும் பக்கத்திலேயே வையுங்கள். ஈஸ்ட்டின் சொந்த நொதியாலும் இலேசாக மஞ்சள் வரும். இதைச் செய்யாமல் நான் ஒரு வாரம் சும்மா சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

உடைத்த செல்லில் மட்டும் மஞ்சள் வந்தால் சிக்கல் உள்ளேதான். அப்போது, புரதத்தை வெளியே அனுப்பச் சொல்லும் முன்துண்டான சுரப்புக்குறியைப் பாருங்கள். இனச்சேர்க்கைக்காக ஈஸ்ட் வெளிவிடும் ஆல்ஃபா காரணியின் முன்பகுதியைப் பொருத்துவதுதான் பலரும் முதலில் முயல்வது. அப்புறம் வெப்பநிலையை 30 டிகிரியிலிருந்து 20-க்கு இறக்குங்கள். வளர்ச்சி மெதுவாகும், ஆனால் மடிவதற்கு நேரம் கிடைக்கும். எனக்குப் பலமுறை கைகொடுத்தது இதுதான். அதற்கும் மசியவில்லை என்றால், மடிப்புக்கு உதவும் மரபணுக்களைத் தூண்டிவிடும் ஹேக்1 (HAC1) என்ற மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்துப் பார்க்கலாம்.

மஞ்சள் எந்தக் குழாயில் வந்தது என்று கட்டாயம் எழுதுங்கள்.