மேட்ரிஜெல்லில் எம்சிஎஃப்-10ஏ உருண்டை கட்டாமல் தட்டையாகப் படர்வது

மேட்ரிஜெல் (செல் வளர்க்கும் புரத ஜெல்) மேல் உருண்டை கட்டவேண்டிய எம்சிஎஃப்-10ஏ (புற்றில்லாத மனித மார்பகச் செல் வகை) 5ஆம் நாளே படர்ந்துவிட்டதால் செல்கள் புற்றாக மாறிவிட்டனவா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் அவை ஜெல்லைத் தாண்டி அடியிலுள்ள கண்ணாடியைத் தொட்டிருக்கும். ஜெல் ஓரத்தில் ஏறி நடுவில் மெலிந்துபோவது வழக்கம்தான்.

நுண்ணோக்கியில் ஃபோகஸை அடியிலிருந்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள். கண்ணாடியின் கீறலும் செல்லும் ஒன்றாகத் தெளிந்தால் காரணம் அதுதான்.

அடுத்த முறை ஜெல்லை 4 டிகிரியில் இரவு முழுக்க உருகவிட்டு, குளிரவைத்த பிப்பெட் டிப்பால் மூலைவரை பரப்புங்கள். அப்புறம் 37 டிகிரியில் 20 நிமிடம். 8 அறைத் தட்டில் அறைக்கு 5,000 செல் போதும்.

செல் எதைப் பற்றி நிற்கிறது என்பது அவ்வளவு முக்கியம். 1997இல் பெர்க்லியில் உயிரியலாளர் மினா பிஸெல் குழு, மார்பகப் புற்றுச் செல்களின் பீட்டா-1 இன்டெக்ரினை (செல் சுற்றுப்புறத்தைப் பற்றிக்கொள்ளும் புரதம்) ஆன்டிபாடியால் மறித்தது. மரபணுப் பிழைகள் அப்படியே இருக்க, செல்கள் ஒழுங்கான உருண்டைகளாயின. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஒன்று கவனம்: ஜெல் கெட்டியாகட்டும் என்று கொலாஜன் சேர்க்காதீர்கள். விறைப்பு கூடினாலே நல்ல செல்லும் ஒழுங்கை இழக்கும். கண்ணாடியைத் தொடாமலே படர்ந்திருந்தால், ஜெல்லின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறியதா, புரத அளவு என்ன என்று பாருங்கள்.