ஹவில்தாரின் இரண்டாவது கடை

கேள்வி: ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கார்கில் சண்டையிலும் இருந்தேன். ஊருக்கு வந்து தம்பியோடு சேர்ந்து மளிகைக் கடை போட்டேன், நன்றாகவே போகிறது. மகன் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறான். அவன் பொறுப்பில் பைபாஸ் ரோட்டில் பெரிய சூப்பர் மார்க்கெட் திறக்க ஆசை. தம்பி வேண்டாம் என்கிறான். என்னைப் போல் சண்டைக்குப் போய்வந்து குடும்பத்தோடு வியாபாரத்தில் ஜெயித்தவர் யாராவது உண்டா?
- ஒரு வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: உண்டு சார். ஆனால் கதையை முழுசாகக் கேளுங்கள். பாதியில் எழுந்து போனால் நாளைக்கே கட்டடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவீர்கள்.

ஜப்பானில் இசாவோ நகாவுச்சி என்று ஒருவர். 1922இல் பிறந்தவர். அப்பாவுக்குக் கோபே நகரில் சின்ன மருந்துக் கடை. 1943இல் பட்டாளத்துக்குப் பிடித்துப் போனார்கள். முதலில் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியா, அப்புறம் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவு. அங்கே சோற்றுக்கே வழியில்லை. 1945இல் கையெறி குண்டு பட்டு விழுந்தார். நினைவு தப்பும் நேரத்தில், வீட்டில் பல்பு வெளிச்சத்தில் எல்லோருமாகச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சுகியாகி சாப்பிட்டதுதான் கண்முன் வந்ததாம். மெலிதாகச் சீவிய மாட்டுக்கறி, சோயா சாஸ், கொஞ்சம் சர்க்கரை. இதை அவரே பின்னாளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

உயிரோடு திரும்பி, தம்பிகளோடு மருந்து வியாபாரம் பார்த்தார். 1957இல் ஒசாகாவின் சென்பாயாஷி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பின்னாளில் பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனமாக வளர்ந்த 'டையேய்'யின் முதல் கடை. 'நல்ல சரக்கு, மேலும் மேலும் மலிவாக' என்பதுதான் கொள்கை. மாட்டுக்கறியைச் சல்லிசாக விற்றதும் மொத்த வியாபாரிகள் சரக்கை நிறுத்தினார்கள். மனிதர் அசரவில்லை. மாட்டையே உயிரோடு வாங்கினார். பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து கன்றுகளை இறக்கி, அப்போது அமெரிக்கர் கையிலிருந்த ஒக்கினாவா தீவில் வளர்த்து, இறக்குமதி வரி இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுவந்தார். லூசோனில் பட்ட பசி அப்படி வேலை வாங்கியது. மாட்சுஷிடா (இன்றைய பானசோனிக்) கம்பெனியின் டிவியை அவர்கள் நிர்ணயித்த விலைக்குக் கீழே விற்றதால் அவர்களோடு முப்பது வருடச் சண்டை. 1972இல் மிட்சுகோஷி என்ற பழம்பெரும் டிபார்ட்மென்ட் ஸ்டோரை விற்பனையில் முந்தினார்.

இனிதான் உங்களுக்கான பகுதி. நிலம் வாங்குவார், கடை கட்டுவார், நிலத்தின் மதிப்பு ஏறும், அதை அடமானமாகக் காட்டிக் கடன் வாங்கி அடுத்த கடை. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கும் வரைக்கும் இது ஓடும். கூடவே இருந்த தம்பி ஒருவர், நிர்வாகத்தில் ஒத்துவராமல் 1969இல் விலகிவிட்டார். அதற்குப் பிறகு 'அண்ணா, போதும்' என்று சொல்ல ஆளில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மகன் ஜுன் முப்பது சொச்சம் வயதிலேயே துணைத் தலைவர். ஹைப்பர் மார்ட் என்ற புது வகைப் பெரிய கடைகள் அவர் பொறுப்பில். அவை எடுபடவில்லை. நிலத்தின் விலையும் சரிந்தது. 1995 கோபே பூகம்பம் வேறு. அன்றைக்குத் திறக்க முடிந்த கடையெல்லாம் திறங்கள், விளக்கை அணைக்காதீர்கள் என்று உத்தரவு போட்டார் நகாவுச்சி. இந்த ஒரு விஷயத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் கடன் தலைக்கு மேல் போய்விட்டது. 2001இல் வெளியேறினார், 2005இல் காலமானார். டையேய் இப்போது இயான் என்ற இன்னொரு சில்லறை வியாபார நிறுவனத்தின் கையில்.

மகன் வரட்டும், நல்லதுதான். பைபாஸ் கடையை மட்டும் தள்ளிப் போடுங்கள். முதலில் ஒரு வருடம் பழைய கடையில் உட்கார வையுங்கள். விடிகாலையில் மண்டிக்குப் போகட்டும், கடன் நோட்டை எடுத்துக்கொண்டு வசூலுக்கு அலையட்டும், பருப்பில் வண்டு விழுந்தால் யார் நஷ்டம் என்று தெரியட்டும். புதுக் கடைக்குப் பணம் வீட்டுப் பத்திரத்தை வைத்தா, சேமிப்பிலிருந்தா? கடிதத்தில் அதை எழுதவில்லையே! பத்திரம் என்றால் என் பதில், 'கடை வேண்டாம்' என்பதுதான்.

தம்பி ஏன் மறுக்கிறார் என்று மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர் கணக்கு எழுதுகிறவராக இருந்தால் இரண்டு தடவை கேளுங்கள்.