காது எப்படி வேலை செய்கிறது? காது மந்தமானவரிடம் கத்திப் பேசினாலும் ஏன் புரிவதில்லை?

எங்கள் நைனாவின் காதை வைத்தே சொல்கிறேன். வியாசர்பாடியில் ஒரு இரும்புப் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் தகடு தட்டியவர், கிரைண்டர் பிடித்தவர். காதில் பஞ்சு வைத்துக்கொண்டதுதான் அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அம்மா அடுப்படியிலிருந்து "பசிக்குதா?" என்று கேட்டார். நைனா அண்ணாந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்துவிட்டு, "எங்க கசியுது?" என்றார். நாங்கள் சிரித்தோம். ஆனால் உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது.

வெளிக்காது சத்தத்தைக் கூட்டி உள்ளே அனுப்பும். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய், அதன் முடிவில் செவிப்பறை. செவிப்பறை அதிர்ந்தால் அதன் பின்னால் சங்கிலியாகக் கோத்த மூன்று குட்டி எலும்புகளும் அசையும். அவற்றின் பெயர்கள் சுத்தி, பட்டடை, அங்கவடி (குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம் போன்றது). முதல் இரண்டையும் நைனா தினமும் கையால் தொட்டவர், காதுக்குள்ளும் ஒரு செட் இருப்பது அவருக்குத் தெரியாது. அங்கவடி சுமார் 3 மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சிறிய எலும்பு.

இந்த எலும்புகள் எதற்கு? உள்காதில் இருப்பது திரவம். காற்றில் வரும் சத்தம் நேராகத் திரவத்தில் மோதினால் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிப் போய்விடும். காசிமேட்டில் கரையிலிருந்து கூப்பிட்டால் தண்ணீருக்குள் முங்கியிருப்பவனுக்குக் கேட்காது அல்லவா, அதே கதைதான். எலும்புகள் இதைச் சரிக்கட்டுவது ஆணி மாதிரி. ஆணியின் தலை அகலம், முனை சிறியது. அதனால்தான் மரத்தில் இறங்குகிறது. செவிப்பறையின் பரப்பு, அங்கவடி அழுத்தும், உள்காதின் வாசலான குட்டிச் சன்னலைவிடச் சுமார் 17 மடங்கு பெரியது. எலும்புகளின் நெம்புகோல் பலமும் சேர்ந்தால் அழுத்தம் ஏறக்குறைய 20 மடங்காகிவிடும்.

அந்தச் சன்னலுக்கு உள்ளே நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்று சுற்றிய காக்லியா. அதில் பிறக்கும்போதே, அதிர்வை உணரும் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். அவற்றில் ஏறத்தாழ 3,500 செல்கள்தான் மூளைக்குச் சேதி சொல்பவை. மற்றவை மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் எடுபிடிகள். கீச்சுச் சத்தம் வாசல் பக்கத்திலும், தடித்த சத்தம் உள்முனையிலும் பதிவாகும். அலை இப்படி உள்ளே ஓடுவதைக் கண்டறிந்ததற்காகத்தான் கியார்க் வான் பெகெஸிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதருக்கு இந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. கோழிக்கு முளைக்கும், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரைச்சலில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது உயர்ந்த சுருதிப் பக்கம். நைனாவின் ஆடியோகிராமிலும் (காது கேட்கும் சோதனையின் வரைபடம்) கோடு அந்த இடத்தில்தான் பள்ளத்தில் விழுந்திருந்தது.

இப்போது "பசிக்குதா"வுக்கு வருவோம். அ, இ, ஆ போன்ற உயிரொலிகள் கனமானவை, தாழ்ந்த சுருதி. ச, ப, த போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிதான். நைனாவுக்கு உயிரொலி வந்து சேர்கிறது, மெய் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. மிச்சத்தை மூளை கூரையைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறது. கத்தினால் உயிரொலிதான் இன்னும் பெருக்கும். அதோடு எடுபிடிச் செல்கள் போய்விட்ட காதில், மெல்லியது கேட்காது, கொஞ்சம் ஏற்றினால் சட்டென்று காதை அடைக்கும். "இன்னாத்துக்குக் கத்துற, நான் இன்னா செவுடனா?" என்று அவர் கோபப்படுவது நியாயம்தான்.

பெரிய சத்தம் வந்தால் அங்கவடியை இழுத்துப் பிடிக்க ஒரு தசை இருக்கிறது. ஆனால் அது விழித்துக்கொள்வதற்குச் சில பத்து மில்லிவிநாடி ஆகும். சம்மட்டி அடி அதற்குள் உள்ளே போய்விடும். ஒரு நாளில் எவ்வளவு நேரம் இரைச்சலில் இருக்கலாம் என்பதற்குப் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு: 85 டெசிபலில் (டெசிபல் சத்தத்தின் அளவு) எட்டு மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படியானால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். கிரைண்டர் சர்வசாதாரணமாக அதைத் தொடும். பஞ்சு இதற்கெல்லாம் பத்தாது, சரியான காதடைப்பான் வேண்டும்.

அப்புறம், பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது. எங்கள் வீட்டிலும் நடந்தது. எண்ணெய் செவிப்பறையைத் தாண்டாது, செத்த செல் இருப்பது அதற்கும் உள்ளே. ஓட்டை இருந்தால் தாண்டும், அது இன்னும் ஆபத்து. குறும்பியைக் கொண்டை ஊசியால் நோண்டவும் வேண்டாம், அது பெரும்பாலும் தானாக வெளியே வரும்.

எந்தச் சுருதி போயிருக்கிறதோ அதை மட்டும் ஏற்றித் தரும் காது மெஷின் உதவும். நைனாவுக்கும் வாங்கினோம்; டீக்கடைக்குப் போகும்போது கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவார். மற்றபடி முகத்துக்கு எதிரே வந்து, கத்தாமல், நிதானமாகப் பேசினால் போதும், உதட்டைப் பார்த்தே பாதியைப் பிடித்துவிடுவார். அம்மா இப்போது அதுவும் கேட்பதில்லை. தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிடுகிறார்.