ஜிஞ்சரின் பூர்வீகம்

கேள்வி: ஓர் ஆங்கிலச் சொல் எந்தெந்த மொழி வழியாக வந்தது என்று எப்படித் தேடுவது? ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

முதல் வேலை, காதை நம்பாமல் இருப்பது. எங்கள் யாங்கோன் டீக்கடையில் 'ஜின் தோக்' கேட்டால், நறுக்கிய இஞ்சியை வறுத்த பருப்பு, எள், எலுமிச்சைச் சாறோடு பிசைந்து தருவார்கள். ஜின் என்றால் பர்மிய மொழியில் இஞ்சி. "பார்த்தீங்களா, வெள்ளைக்காரன் ஜிஞ்சரை இங்கேதான் எடுத்தான்" என்று அடித்துச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்திலேயே 'ஜிஞ்சிஃபர்' இருக்கிறது. அப்போது எந்த வெள்ளைக்காரன் பர்மாவைப் பார்த்தான்?

ஆகவே ஒவ்வொரு படிக்கும் எழுத்தில் சாட்சி தேடுங்கள். பழைய ஆங்கிலத்துக்கும் பழைய பிரெஞ்சுக்கும் இந்தச் சொல்லைக் கொடுத்தது லத்தீன். லத்தீன் அதைக் கிரேக்கத்தின் 'ஸிங்கிபெரிஸ்' என்பதிலிருந்து எடுத்தது. மிளகு போன கப்பல் வழியில்தான் இஞ்சியும் போனது, கூடவே பெயரும். கிரேக்கத்துக்கு முந்தைய படி பாலி, பிராகிருதம் என்ற பழைய இந்திய மொழிகள். பாலியில் 'சிங்கிவேர'. புத்த பிக்குகள் மருந்தாக வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களின் ஒழுக்க விதிநூலான விநய பிடகம் அனுமதிக்கும் கிழங்கு, வேர் வகைகளில் மஞ்சளுக்கு அடுத்து நிற்பது இதுதான். இங்கே பாலி படித்த பொங்கி, அதாவது பர்மிய பிக்கு, யாரைக் கேட்டாலும் சொல்வார்.

சமஸ்கிருதத்தில் 'சிருங்கவேர'. கொம்பு போல உடம்பு கொண்டது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். இஞ்சியின் உருவத்துக்கு அழகாகப் பொருந்துகிறது, அதனாலேயே எனக்குச் சந்தேகம். வெளியிலிருந்து வந்த சொல்லுக்குப் பிற்பாடு கட்டிய விளக்கம் அது என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து.

'வேர' யாருடையது என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்பாதிதான் முடிச்சு: பாலியில் சி, தமிழில் இ. முதலெழுத்துச் சகரம் உதிர்வது தமிழில் நடக்கிற காரியம். சிறகும் இறகும், சிப்பியும் இப்பியும் பாருங்கள். தமிழுக்கும் அதன் உறவு மொழிகளுக்கும் தாயான மூலத் திராவிடத்தில் சகரத்தோடு இருந்த சொல் வடக்கே அப்படியே போயிற்று, நம்மிடம் இஞ்சி ஆயிற்று. ஆக, ஜிஞ்சருக்குத் தமிழ் தாய் இல்லை, கூடப்பிறந்தவள் என்பதே சரி.

ஆலன் ராஸ் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1952-இல் இந்த ஒரு சொல்லுக்கென்றே தனிப் புத்தகம் போட்டார். நீங்கள் தொடங்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். நல்ல ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி ஒன்று, அப்புறம் பர்ரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. பின்னது இணையத்திலேயே கிடைக்கிறது.