புள்ளி வைத்த எழுத்து கைகொடுத்தது

(மன்னார்குடிப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 8 வருடம் வேலை பார்த்து, இப்போது இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருப்பவர், வாசகியரின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நான் ஒரு தனியார் பள்ளியில் 11 வருடமாக ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஆசிரியர் பட்டயப் படிப்பும் பி.ஏ.வும் முடித்திருக்கிறேன். கணவருக்கு இங்கிலாந்தில் இன்ஜினீயர் வேலை கிடைத்து, மார்ச்சில் கிளம்புகிறோம். அங்கே எனக்கு உதவியாளர் வேலைதான் கிடைக்கும் என்கிறார்கள். "இங்கே டீச்சர், அங்கே போய் ஆயா வேலையா?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: 2011ல் நான் கிளம்பும்போது என் அம்மாவும் இதையேதான் கேட்டார். அந்த வார்த்தை எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும், சகோதரி. அதனால் மறைக்காமல் சொல்கிறேன். எனக்குக் கிடைத்த முதல் வேலை உதவியாளர் வேலைகூட இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, ஒரு நாளைக்கு ஒன்றேகால் மணி நேரம். டப்பா திறந்துவிடுவது, மூக்குத் துடைப்பது, வெளியே விடுவதற்கு முன் முப்பது பேருக்கும் கோட்டு ஜிப் போட்டுவிடுவது. ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகள் பேசும் ஆங்கிலம் எனக்குப் பிடிபட்டது அந்த விளையாட்டுத் திடலில்தான். எந்த வகுப்பிலும் அது கிடைத்திருக்காது.

இரண்டு வருடம் கழித்து அதே பள்ளியில் உதவி ஆசிரியை ஆனேன். அந்த வருடம் எல்லோருக்கும் ஃபோனிக்ஸ், அதாவது எழுத்தின் ஒலியைச் சொல்லி வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் முறையில், பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுத்த அம்மா ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "பஹ் என்று சொல்லாதீர்கள், ப் என்று மட்டும் சொல்லுங்கள். பின்னால் ஒரு அகரம் ஒட்டிக்கொண்டால் குழந்தையால் எழுத்துக் கூட்ட முடியாது." உண்மைதான். பஹ், இ, னஹ் என்று சொன்னால் எந்தக் குழந்தைக்கும் 'பின்' வராது. பக்கத்தில் இருந்தவர்கள் அந்த ஒலிக்குத் தடுமாறினார்கள். எனக்கு முதல் தடவையே வந்துவிட்டது. எப்படி வராமல் போகும்? ப் மேல் புள்ளி வைத்து, ப் கூட இ சேர்ந்தால் பி என்று 8 வருடம் கரும்பலகையில் எழுதிய கை இது. மெய் தனி, உயிர் தனி, சேர்ந்தால் உயிர்மெய் என்பது நமக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம். அன்று சாயங்காலம் பேருந்தில் வரும்போது அழுதுவிட்டேன். ஊரில் கற்றுக்கொண்டது எல்லாம் ஊரிலேயே போய்விட்டது என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேனே!

இங்கே ஒன்றாம் வகுப்பு முடிகிற ஜூன் மாதத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு வாசிப்புச் சோதனை உண்டு. 2012ல் வந்தது. மொத்தம் 40 சொற்கள். அதில் 20 சொற்களுக்கு அர்த்தமே கிடையாது. மனப்பாடமாகச் சொல்கிறதா, எழுத்துக் கூட்டிப் படிக்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்திருக்கிறார்கள். அந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் ஒரு வேற்றுக்கிரகப் பொம்மை வரைந்திருக்கும். வீட்டில் குஜராத்தி மட்டுமே பேசுகிற ஒரு பையன், வகுப்பில் வாயே திறக்காதவன், என்னோடு தினம் பத்து நிமிடம் உட்காருவான். ஒருநாள் விரலை வைத்து "வ்... இ... ப்..." என்று நகர்த்தி, "விப்" என்றான். பிறகு பொம்மையைக் காட்டி, "மிஸ், இவன் பேர் விப்பா?" என்று கேட்டான். அவன் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. வகுப்பு ஆசிரியை வந்து, "நீங்கள் இதற்கு முன்னால் டீச்சரா?" என்று கேட்டார். அதற்கப்புறம்தான் என் சான்றிதழ்களை யாரோ எடுத்துப் பார்த்தார்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தபோது நாங்கள் பாயில் உட்கார்ந்து, அட்டை பிரித்து, பிள்ளைகளைக் குழு குழுவாகப் பார்த்தோம். இங்கே வந்து பார்த்தால் பாய்க்குப் பதில் கார்ப்பெட். அவ்வளவுதான். தனியார் பள்ளியில் நீங்கள் அப்படிச் செய்திருக்காவிட்டால், கிளம்புவதற்குள் பக்கத்து அரசுப் பள்ளியில் அனுமதி கேட்டு இரண்டு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

சரி, காகித வேலைக்கு வருகிறேன். முழுத் தகுதி பெற்ற ஆசிரியர் என்பதற்கு இங்கே க்யூ.டி.எஸ். வேண்டும். 2023 பிப்ரவரியிலிருந்து இந்திய ஆசிரியர்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல், மொழிப்பாடம் நடத்தத் தகுதி பெற்றவர்களுக்கு. நம்மைப் போன்ற தொடக்கப் பள்ளிக்காரர்களுக்கு அந்தக் கதவு இல்லை. நான் போன வழி 'அசெஸ்மென்ட் ஒன்லி'. ஏற்கெனவே வகுப்பு நடத்தி அனுபவம் உள்ளவர்களை, மறுபடி படிக்கச் சொல்லாமல், 12 வாரத்துக்குள் மதிப்பிட்டுத் தகுதி கொடுப்பார்கள். பட்டம் கட்டாயம், பட்டயம் மட்டும் போதாது. குறைந்தது இரண்டு பள்ளிகளில் நடத்திய அனுபவம் வேண்டும். ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மூன்றிலும் இங்கே பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத் தேர்வுக்குச் சமமான தேர்ச்சி காட்ட வேண்டும். நான் மூன்றுக்கும் பரீட்சை எழுதினேன். 2019ல் க்யூ.டி.எஸ். வந்தது. அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

கிளம்பும் முன் மூன்று வேலையை முடித்துவிடுங்கள். தலைமை ஆசிரியரிடம் பள்ளி முகவரித் தாளில், மின்னஞ்சல் முகவரியோடு அனுபவக் கடிதம் வாங்குங்கள். பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகக் காவல்துறை நன்னடத்தைச் சான்று வாங்குங்கள். வெளிநாட்டுப் பட்டம் இங்கே எதற்குச் சமம் என்று சொல்லும் எனிக் (UK ENIC) அமைப்பில் உங்கள் பட்டத்தை ஒப்பிட்டுச் சான்று பெறுங்கள். செப்டம்பர் மாத வேலைகளுக்கு ஏப்ரல், மே மாதங்களில் நிறைய விளம்பரம் வரும். மார்ச்சில் வருவது நல்ல நேரம்தான்.

கேள்வி: உதவி ஆசிரியை வேலை விளம்பரத்தில் போடும் சம்பளம் முழுசாகக் கைக்கு வருமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலும் வராது. அதில் போட்டிருப்பது வருடம் முழுக்க, முழு நேரமும் வேலை பார்ப்பவருக்கான கணக்கு. நம் ஒப்பந்தம் பெரும்பாலும் பள்ளி நடக்கும் 39 வாரங்களுக்கும் அதற்கான விடுப்புச் சம்பளத்துக்கும் மட்டும்தான். மணி நேரமும் குறைவு. "என் கைக்கு மாதம் எவ்வளவு வரும்?" என்று நேர்முகத் தேர்விலேயே கேளுங்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

கேள்வி: என் ஆங்கிலத்தைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உச்சரிப்புக்குப் பயப்படாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாலு நாளில் உங்கள் குரல் பழகிவிடும். தடுக்குவது சொல்லில்தான். முதல் மாதம் ஒரு பெண்ணிடம் "ஸ்கேல் எடுத்து வா" என்றேன். அது போய் அலமாரியிலிருந்து தராசைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தது. இங்கே அதற்கு ரூலர் என்று பேர். நாம் ஸ்கெட்ச் பேனா என்பது இவர்களுக்கு ஃபெல்ட் டிப். கைக்கு அடக்கமாக ஒரு நோட்டு வைத்துக்கொண்டு இப்படி மாட்டுகிற சொல்லை எல்லாம் அன்றைக்கன்றே எழுதிவிடுங்கள். என் நோட்டு இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முதல் வரி: ஸ்கேல் – ரூலர்.