ஜெர்மனியும் ஏஜென்சியும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். சி.ஜி.பி.ஏ. 8. ஜெர்மனியில் முதுகலை படிக்க விருப்பம். கோவையில் ஒரு ஏஜென்சியில் விசாரித்தோம். விண்ணப்பம், நோக்கக் கடிதம், பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றையும் அவர்களே தயாரித்துத் தருவார்களாம். ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்றவர்கள், எனக்குச் சொல்வதென்னவோ ஆண்டுக்கு 12,000 யூரோ கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகம். அப்பா நிலத்தை அடமானம் வைக்கலாம் என்கிறார். நான் எழுதிய நோக்கக் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். உங்கள் கருத்து?

ச., கரூர்

அன்புள்ள ச.,

மாணவரைச் சேர்த்துவிட்டால் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் ஏஜென்சிக்குக் கமிஷன் தருகின்றன. அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக அந்தப் பழக்கம் இல்லை. அவர்கள் ஏன் அந்தப் பக்கமே கை காட்டுகிறார்கள் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

‘இலவசம்’ என்பதிலும் கொஞ்சம் கழிக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கொரு சிறு தொகை மட்டும் உண்டு. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்றவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்தில் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட் என்ற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவைக் காட்ட வேண்டும். 2024 நிலவரப்படி 11,904 யூரோ. அது கட்டணம் அல்ல, உங்கள் பணம்தான். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும். பகுதிநேர வேலை செய்து சமாளித்துக்கொள்ளலாம் என்ற பேச்சு விசா அதிகாரியிடம் எடுபடாது. நிலமோ கல்விக் கடனோ, அனுமதிக் கடிதம் கைக்கு வந்தபிறகு யோசித்தால் போதும்.

உங்கள் 8 மோசமில்லை. அங்கே 1 உச்சம், 4 தேர்ச்சிக் கோடு. 10 அதிகபட்சம், 5 தேர்ச்சி என்று வைத்து அவர்கள் சூத்திரத்தில் போட்டால் உங்களுக்கு 2.2 வருகிறது. பல படிப்புகள் 2.5 வரை ஏற்கின்றன. ஆனால் மதிப்பெண்ணைவிட நுணுக்கமாக அவர்கள் பார்ப்பது, நீங்கள் படித்த பாடங்கள் அவர்கள் கேட்கும் பாடங்களோடு பொருந்துகின்றனவா என்பதை. இயந்திரவியலும் மின்னணுவியலும் கலந்த மெக்கட்ரானிக்ஸ் கேட்டுவிட்டு மின்னணுவியலில் ஒரே ஒரு தாள் படித்திருந்தால், 9 வாங்கியவரையும் கழித்துவிடுவார்கள். எனவே பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் தளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகளைத் தேடி எடுத்து, உங்கள் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அலுப்பூட்டும் வேலைதான். ஒன்றரை லட்சம் கொடுத்தாலும் உங்களுக்காக வேறு யாரும் இதை ஒழுங்காகச் செய்யப் போவதில்லை.

இந்திய மாணவர்கள் சான்றிதழ்களை ஜெர்மன் தூதரகத்தின் கல்விச் சான்று ஆய்வுப் பிரிவான ஏ.பி.எஸ்.ஸின் சரிபார்ப்புக்கு அனுப்புவது 2022 நவம்பர் முதல் கட்டாயம். வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைப் பெற்றுச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பின் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. ஜூலை 15 கடைசி நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு மாதங்களுக்கு முன்பே கதவைச் சாத்திவிடும் படிப்புகளும் உண்டு.

இனி உங்கள் நோக்கக் கடிதம். “சிறுவயது முதலே இயந்திரங்கள் மீது தீராத ஆர்வம்” என்று தொடங்கி, பொம்மைக் காரைப் பிரித்துப் பார்த்த கதையில் முதல் பக்கத்தைச் செலவழித்திருக்கிறீர்கள். தேர்வுக்குழுவில் இருப்பவர் இப்படி எத்தனை பொம்மைக் கார்களைப் பார்த்திருப்பார்! மூன்றாம் பத்தியில் போகிறபோக்கில் ஒன்று சொல்கிறீர்கள்: நூற்பாலையில் பயிற்சியின்போது, பேரிங் பழுதாவதை அதிர்வை வைத்து முன்கூட்டியே அறிய முடியுமா என்று சென்சார் ஒட்டிப் பார்த்தது, பக்கத்து இயந்திரங்களின் அதிர்வும் கலந்து வந்து அளவுகள் குழம்பியது. அதை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். சென்சாரை எங்கே ஒட்டினீர்கள், என்ன அளவு வந்தது, கலந்த அதிர்வைப் பிரித்தெடுக்க எந்தப் பாடம் உங்களுக்குத் தெரியாமல் போனது, அவர்களிடம் எந்தப் பருவத்தில் அது இருக்கிறது என்று எழுதுங்கள். “திட்டம் வெற்றிகரமாக முடிந்தது” என்ற வரியை எடுத்துவிடுங்கள். அது முடியவில்லை, நீங்களே அடுத்த வரியில் சொல்லிவிட்டீர்கள்.

பரிந்துரைக் கடிதத்தை ஏஜென்சி எழுதுவது சுத்த மோசடி. நம் கல்லூரிகளில் “நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்” என்று சொல்லும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால், நீங்கள் செய்த வேலையை ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்து, கடிதத்தை மட்டும் அவரையே எழுதச் சொல்லிக் கெஞ்சுங்கள். துறைத்தலைவரின் பதவிப் பெயரைவிட, உங்கள் திட்டப்பணிக்கு வழிகாட்டியவரின் நான்கு வரிகளுக்கு மதிப்பு அதிகம்.

திருத்திய கடிதத்தை அனுப்புங்கள், படிக்கிறேன். பொம்மைக் கார் மீண்டும் வந்தால் படிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.