அயர்லாந்தில் வீட்டு வரி வசூலித்தது வங்கிக் கடனை அடைக்கத்தானா?

நேரடியாக இல்லை. ஆனால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொன்னால் அது பூசி மெழுகுவது.

2008 செப்டம்பரில் வங்கிகளின் கடன்களுக்கு அரசே உத்தரவாதம் கொடுத்தது. வங்கிகளைக் காப்பாற்ற ஆன மொத்தச் செலவு சுமார் 6,400 கோடி யூரோ. அதில் ஏறக்குறைய பாதியை விழுங்கியது ஆங்கிலோ ஐரிஷ் வங்கியும் அதோடு சேர்ந்த ஒரு வீட்டுக்கடன் சங்கமும். அவ்வளவு ரொக்கம் கையில் இல்லாததால் அரசு கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தது. ஆண்டுதோறும் மார்ச் 31ல் 310 கோடி தவணை.

2010ல் ஐரோப்பிய ஒன்றியமும் சர்வதேச நாணய நிதியமும் (ஐ.எம்.எஃப்.) அயர்லாந்துக்குக் கடன் தந்தபோது சொத்து வரியையும் நிபந்தனையாக வைத்தன. முதலில் வந்தது 2012ன் 100 யூரோ வீட்டுக் கட்டணம். மாளிகைக்கும் அதே நூறு, ஒற்றைப் படுக்கையறைக்கும் அதே நூறு! அதைக் கட்டக் கடைசி நாளும் மார்ச் 31தான். கொதிப்புக்குக் கேட்கவா வேண்டும்? கெடு முடிந்தபோது சுமார் பாதிப் பேர் கட்டவே இல்லை.

அந்தப் பணம் உள்ளாட்சிகளுக்குத்தான் போனது. எதிர்பார்த்ததே 16 கோடி. வங்கித் தவணைக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் உள்ளாட்சிக்குத் தரவேண்டிய மானியத்தில் அந்த அளவு மிச்சப்பட்டால் அரசின் பற்றாக்குறை குறையும். தொடர்பு அங்கேதான்.

2013 பிப்ரவரியில் அந்தப் பத்திரங்களை 25 முதல் 40 ஆண்டு அரசுப் பத்திரங்களாக மாற்றினார்கள். தவணைச் சுமை இறங்கியது. வரி மட்டும் இறங்கவில்லை: அதே ஜூலையில் வீட்டு மதிப்பில் 0.18 சதவீதம் என்று சொத்து வரி வந்தது. வசூல் வருவாய்த் துறை கைக்குப் போனது. சம்பளத்திலேயே பிடிக்கலாம் என்பதால் புறக்கணிப்பு பிசுபிசுத்துப் போனது.